ஒரே சோல், ஒரே 500 டிகிரி: டைட்டானியா மென்படலம் இரண்டு விதமாக வந்த கதை

டைட்டானியா படலம் பூசி ஆகஸ்ட்டில் செய்த கண்ணாடித் தகடுகள் வேலை செய்தன. நவம்பரில் செய்தவை வேலை செய்யவில்லை. செய்முறைக் குறிப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இந்த இரண்டு மாதங்களுக்கு நடுவில் என்ன மாறியது என்று கண்டுபிடிக்க எங்களுக்குப் பிப்ரவரி வரை ஆனது. உலையில் படலத்தைச் சுட்டு எடுக்கும் யாருக்கும் இது நடக்கலாம் என்பதால், எங்கள் தவறான முடிவுகளையும் சேர்த்தே பதிவு செய்கிறேன்.

பின்னணி

தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகம். முழுநேர ஆய்வு மாணவி ஒருவர், ஆய்வக உதவியாளர் ஒருவர், நெறியாளராக நான். மாணவியின் தலைப்பு டைட்டானியம் டை ஆக்சைடு, அதாவது டைட்டானியா நானோ படலங்கள். புற ஊதா ஒளி பட்டால் இந்தப் படலம் நீரில் கரைந்த சாயத்தைச் சிதைக்கும். 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியா மின்வாயில் ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டியதிலிருந்து உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் இந்தப் பொருளோடு மல்லுக்கட்டுகிறார்கள். எங்கள் பங்கு சிறியது: சூட்டுக்கும் படலத்தின் திறனுக்கும் உள்ள உறவை ஒழுங்காக அளப்பது.

செய்முறை சோல்-ஜெல். டைட்டானியம் ஐசோப்ரொபாக்சைடு, எத்தனால், வேகத்தைக் கட்டுப்படுத்தக் கொஞ்சம் அசிட்டைல் அசிட்டோன், கடைசியில் அமிலம் கலந்த நீர் சில துளிகள். தேன் நிறத்தில் தெளிவான சோல், அதாவது நுண்துகள் மிதக்கும் திரவம் கிடைக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் 30 விநாடி சுழற்றிப் பூசி, 150 டிகிரி ஹாட் பிளேட்டில் 10 நிமிடம் உலர்த்தி, இப்படி நான்கு பூச்சு. அப்புறம் மஃபிள் உலையில் 500 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம். மொத்தத் தடிமன் ஏறக்குறைய 250 நானோமீட்டர்.

சூடு ஏன் தேவை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோல் உலர்ந்து கெட்டியான ஜெல்லில் அணுக்கள் தாறுமாறாகக் கிடக்கும். கரைப்பானும் கரிமக் கழிவும் உள்ளே சிக்கியிருக்கும். 300 டிகிரியை ஒட்டிக் கரிமம் எரிந்து போகும். 400 டிகிரி வாக்கில் ஆனடேஸ் என்ற படிக அமைப்பு உருவாகத் தொடங்கும். சாயத்தைச் சிதைக்க நமக்கு வேண்டியது இந்த ஆனடேஸ்தான். இன்னும் சூடேற்றினால் படிகத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். கடைசியில் ரூட்டைல் என்ற வேறு அமைப்புக்கு மாறும். எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் விளையாட்டே.

நவம்பரில் தெரிந்தது

ஆகஸ்ட் தகடுகளைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் நீலமுமாகப் பளிச்சென்று மின்னும், ஊடே எழுத்து படிக்கலாம். நவம்பர் தகடுகளிலும் நிறம் இருந்தது. ஆனால் மேலே ஒரு மங்கல், குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி. துடைத்தால் போகாத ஆவி.

மெத்திலீன் புளூ சோதனை இதைவிடத் தெளிவாகப் பேசியது. தகட்டைச் சாயக் கரைசலில் முதலில் அரை மணி நேரம் இருட்டில் வைப்போம். சாயம் தானாகப் படலத்தில் ஒட்டிக்கொள்வதைச் சிதைவு என்று தப்பாக எண்ணிவிடக் கூடாது அல்லவா. பிறகு 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் மூன்று மணி நேரம். 664 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுதல் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்போம். ஆகஸ்ட் தகட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. நவம்பர் தகட்டில் 20ஐத் தாண்டவில்லை. தகடே போடாத வெறும் கரைசலில் விளக்கொளி மட்டுமே 10 சதவீதத்தைக் குறைக்கும் என்பதால், நவம்பர் படலம் செய்த வேலை அநேகமாக ஒன்றுமில்லை.

படிக அமைப்பை எக்ஸ்-கதிரால் காட்டும் எக்ஸ்.ஆர்.டி. வரைபடத்தில் ஆனடேஸின் முதன்மை முகடு 25.3 டிகிரிக் கோணத்தில் வர வேண்டும். ஆகஸ்ட் தகட்டில் அது கூர்மையாக நின்றது. நவம்பர் தகட்டில் கண்ணாடியின் அகன்ற மேட்டின் மேல் ஒரு சின்னப் புடைப்பு. அதைக் காட்டி மாணவி கேட்டார்: "சார், ஒரே சோல், ஒரே சூடு. இது மட்டும் ஏன் சார் வேகாத இட்லி மாதிரி இருக்கு?"

முதல் சந்தேகம் மழைமேல்

நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. ஐசோப்ரொபாக்சைடு காற்றில் உள்ள ஈரத்தைக் கண்டாலே வெள்ளையாகத் திரியும். எனவே சோல் கெட்டிருக்கும் என்று நான் முடிவு கட்டினேன். புதுப் புட்டி வாங்கினோம், ஈரப்பதம் குறைந்த பெட்டிக்குள் வைத்துக் கலந்தோம், ஏசியை ஓடவிட்டுப் பூசினோம். மூன்று வாரம் போனது. மங்கல் அப்படியே இருந்தது.

சோல் காரணமாக இருந்திருந்தால் சுடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 150 டிகிரியில் உலர்த்திய படலம் ஒவ்வொரு முறையும் தெளிவாகவே இருந்தது. மங்கல் உலையிலிருந்து வெளியே வந்த பிறகுதான். இதை முதல் வாரமே கவனித்து மாணவி நோட்டில் எழுதி வைத்திருந்தார். நான்தான் அந்த வரியைப் படிக்கவில்லை.

550 டிகிரி என்ற தவறு

அடுத்த யோசனையும் என்னுடையதே. முகடு சிறியதாக இருக்கிறது, அதாவது படிகமாதல் போதவில்லை. அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் சூடு கொடுப்போம். பாடப்புத்தகத்தின்படி சரியான தர்க்கம். உலையை 550க்கு ஏற்றி இரண்டு மணி நேரம் வைத்தோம்.

படலம் இன்னும் மங்கியது. சாயச் சோதனையில் 15 சதவீதம். எக்ஸ்.ஆர்.டி. முகடு வளரவே இல்லை. சூட்டைக் கூட்டினால் திறன் குறைகிறது என்பது நாங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்த் தலைகீழ். இந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் வேறொன்று எங்கள் கவனத்தைப் பிடுங்கிக்கொண்டது: உலையின் பின்சுவரை ஒட்டி இருந்த இரண்டு தகடுகள் வளைந்திருந்தன. மேசையில் வைத்து ஓரத்தைத் தொட்டால் தொட்டில் போல ஆடின. கதவுப் பக்கம் இருந்தவை நேராகவே இருந்தன.

உலைக்குள் மூன்று வெப்பநிலை

ஒரே உலையில் சில தகடுகள் மட்டும் வளைகின்றன என்றால் உள்ளே சூடு சமமாக இல்லை. உலையின் தெர்மோகப்பிள் பின்சுவர் வழியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குச்சி. அது இருக்கும் இடத்துச் சூட்டைத்தான் முகப்பில் காட்டும். நாங்கள் தனியாக ஒரு கே வகைத் தெர்மோகப்பிளைப் புகைபோக்கித் துளை வழியாக இறக்கி, தகடு வைக்கும் உயரத்தில் மூன்று இடங்களில் அளந்தோம். முகப்பில் 500 என்று காட்டியபோது பின்பக்கம் 518, நடுவில் 497, கதவருகே 471.

இது பெரிய கண்டுபிடிப்பு என்று அன்று கொண்டாடினோம். கதவருகே வைத்த தகடு 30 டிகிரி குறைவாக வெந்திருக்கும். எங்கள் பழைய முடிவுகளில் இருந்த சிதறலுக்கு இது காரணமாகவும் இருக்கலாம். ஆனால் நடுவில் மட்டும் வைத்துச் செய்த தகடுகளும் மங்கலாகவே வந்தன. உலையில் உண்மையிலேயே ஒரு குறை இருந்தது. நாங்கள் தேடிய குறை அது இல்லை.

பச்சை விளிம்பு

ஜனவரி கடைசியில் மாணவி ஆகஸ்ட் தகடு ஒன்றையும் நவம்பர் தகடு ஒன்றையும் வெள்ளைத் தாளின் மேல் அடுக்கி, படலத்தைப் பார்க்காமல் கண்ணாடியின் விளிம்பைப் பார்த்தார். நவம்பர் தகட்டின் விளிம்பு பாசிப் பச்சை. ஆகஸ்ட் தகட்டின் விளிம்பில் நிறமே இல்லை.

"அண்ணே, ஸ்லைடு பெட்டி மாத்தினீங்களா?" என்று உதவியாளரிடம் கேட்டார்.

"பழைய பெட்டி தீர்ந்துபோச்சேம்மா. தீபாவளிக்கு முன்னாடியே புதுசு உடைச்சிட்டேன். ரெண்டும் ஒரே சைஸுதானே?"

ஒரே சைஸ்தான். இரண்டுமே 75க்கு 25 மில்லிமீட்டர், திருகு அளவியில் 1.1 மில்லிமீட்டர் தடிமன். தராசில் வைத்தோம். பச்சை விளிம்புத் தகடு 5.16 கிராம், மற்றது 4.60 கிராம். கன அளவு 2.06 கன சென்டிமீட்டர் என்பதால் அடர்த்தி முறையே 2.50, 2.23. முதலாவது சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. இரண்டாவது போரோசிலிகேட், அதாவது சூடு தாங்கும் பீக்கர் செய்யும் வகை. முந்தைய மாணவர் ஒருவர் வேறு தேவைக்காக வாங்கி மீதம் வைத்துப் போன பெட்டி அது. மூன்று மாதக் குழப்பத்தை முடித்துவைத்தது ஐந்து நிமிடத் தராசு வேலை.

சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியின் எடையில் 13, 14 சதவீதம் சோடியம் ஆக்சைடு. போரோசிலிகேட்டில் அது 4 சதவீதம் வாக்கில்தான். 500 டிகிரியில் சாதாரணக் கண்ணாடி தன் இளகும் எல்லையை நெருங்குகிறது. உள்ளே இருக்கும் சோடியம் அயனிகள் எளிதாக நகரும். மேலே இருக்கும் படலமோ பஞ்சு போல நுண்துளை நிறைந்தது. அயனிகள் கண்ணாடியிலிருந்து மேலேறிப் படலத்துக்குள் போகின்றன. போனவை ஆனடேஸ் படிகமாவதைத் தாமதப்படுத்தும், சில இடங்களில் டைட்டானியாவோடு சேர்ந்து சோடியம் டைட்டனேட் ஆகும், ஒளியால் பிரிந்த எலக்ட்ரானும் அது விட்டுப்போன காலியிடமான துளையும் சாயத்தைத் தொடும் முன்பே மறுபடி சேர்ந்துவிட இடம் கொடுக்கும். எங்கள் தகட்டில் இந்த மூன்றில் எதன் பங்கு பெரிது என்று பிரித்துப் பார்க்கும் சோதனையை நாங்கள் செய்யவில்லை.

550இல் நிலைமை மோசமானது ஏன் என்பதும் இப்போது புரிந்தது. சூடு கூடக் கூடச் சோடியத்தின் நகர்வு பல மடங்கு வேகமாகிறது. படிகமாவதற்கு என்று நாங்கள் கொடுத்த கூடுதல் சூடு, அதைத் தடுப்பவனுக்கும் சேர்த்தே போனது.

சோடியத்தைக் கண்ணால் பார்ப்பது

ஊகம் நன்றாக இருந்தது, ஆதாரம் வேண்டும். மின்னணு நுண்ணோக்கியோடு இணைந்த எக்ஸ்-கதிர்த் தனிமப் பகுப்பாய்வில் சோடியம் முகடு தெளிவாகத் தெரிந்தது. மாணவி படம் எடுத்து அனுப்பினார், நானும் மகிழ்ந்தேன். அரை நாள்தான் அந்த மகிழ்ச்சி. 15 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான் கற்றை ஒரு மைக்ரோமீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கும். எங்கள் படலம் 250 நானோமீட்டர். அந்தக் கருவி பார்த்த சோடியத்தில் பெரும்பங்கு கண்ணாடியிலேயே இருக்கும் சோடியம். பூசாத தகட்டை வைத்தாலும் அதே முகடுதான் வந்திருக்கும். வைத்துப் பார்த்தோம், வந்தது. இந்தப் படத்தை ஆதாரமாகக் கொடுக்கும் கட்டுரைகளைக் கண்டால் இனி நான் தடிமன் எவ்வளவு என்று முதலில் தேடுவேன்.

மேற்பரப்பின் சில நானோமீட்டரை மட்டும் பார்க்கும் எக்ஸ்.பி.எஸ். வசதிக்கு வெளியூருக்கு மாதிரிகளை அனுப்பினோம். ஒப்பிடுவதற்காகக் குவார்ட்ஸில், அதாவது சோடியம் சேராத சிலிக்காக் கண்ணாடியில் பூசிய படலத்தையும் கூடவே வைத்தோம். பச்சை விளிம்புத் தகட்டின் படல மேற்பரப்பில் சோடியம் இருந்தது. குவார்ட்ஸ் படலத்தில் இல்லை.

நான்கு அடித்தளம், ஒரே சுற்று

பிப்ரவரியில் எடுத்த முடிவு எளிமையானது: ஒரே நாளில் கலந்த சோல், ஒரே உலைச் சுற்று, உலையின் நடுப்பகுதி மட்டும், நான்கு வகைத் தகடுகள் பக்கத்தில் பக்கத்தில். சாதாரணக் கண்ணாடி, முதலில் சிலிக்கா பூசிச் சுட்ட சாதாரணக் கண்ணாடி, போரோசிலிகேட், குவார்ட்ஸ். சிலிக்கா அடிப்பூச்சை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை; டைட்டானியா பூசும் தொழிலில் சோடியத்தைத் தடுக்கும் பழக்கப்பட்ட வழி அது. அமிலத்தில் ஊறவைத்துக் கண்ணாடியின் மேற்பரப்புச் சோடியத்தை எடுத்துவிடும் வழியும் உண்டு. சிலிக்கா சோல் செய்வது மாணவிக்கு ஏற்கனவே தெரியும் என்பதால் அதையே எடுத்தோம்.

சாயச் சோதனையில் சாதாரணக் கண்ணாடி பழையபடி 20 சதவீதம். சிலிக்கா போட்டது 65. போரோசிலிகேட் 70ஐ ஒட்டி. குவார்ட்ஸில் நான் 80 எதிர்பார்த்தேன், 60தான் வந்தது.

குவார்ட்ஸ் ஏன் பின்தங்கியது என்று நுண்ணோக்கியில் பார்த்தால், கோடையில் வற்றிய கண்மாய்த் தரை மாதிரி படலம் முழுக்க வெடிப்பு. குவார்ட்ஸ் சூட்டில் விரிவது மிகக் குறைவு, டிகிரிக்குப் பத்து லட்சத்தில் அரைப் பங்கு. போரோசிலிகேட் 3.3, சாதாரணக் கண்ணாடி 9. டைட்டானியா சாதாரணக் கண்ணாடிக்கு நெருக்கமாக விரிகிறது. குளிரும்போது படலம் சுருங்கப் பார்க்கிறது, குவார்ட்ஸ் சுருங்க மறுக்கிறது, நடுவில் படலம் கிழிகிறது. ஜெல் உலரும்போது ஏற்படும் சுருக்கமும் இதோடு சேரும். சோடியத்தால் கெடுக்கிற அதே சாதாரணக் கண்ணாடிதான் விரிவில் நல்ல ஜோடி என்பது வேடிக்கை.

நிமிடத்துக்கு 10 டிகிரி என்று ஏற்றிக்கொண்டிருந்ததை 2 டிகிரியாகக் குறைத்தோம். இரண்டு பூச்சுக்கு ஒருமுறை 350 டிகிரியில் இடைச் சூடு கொடுத்தோம். உலையை அணைத்ததும் கதவைத் திறக்கும் பழக்கத்தை விட்டு, இரவு முழுக்க அப்படியே ஆறவிட்டோம். வெடிப்பு பெருமளவு அடங்கியது.

குவார்ட்ஸில் கிடைத்த வரிசை

அதற்குப் பிறகுதான், ஒரு வருடத்துக்கு முன்பே செய்ய நினைத்த வேலையைச் செய்ய முடிந்தது. சோடியம் குறுக்கிடாத குவார்ட்ஸில் 400, 500, 600, 700 டிகிரி. ஆனடேஸ் முகட்டின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாட்டின்படி படிகத் துகள் அளவைக் கணக்கிட்டோம். 500இல் முகட்டின் அரை உயர அகலம் 0.48 டிகிரி, துகள் 17 நானோமீட்டர். 400இல் 11, 600இல் 26. 700இல் 27.4 டிகிரியில் ரூட்டைலின் முகடு தலைகாட்டத் தொடங்கியது. கருவியின் சொந்த அகலத்தைச் சிலிக்கான் தூள் வைத்துக் கழித்த பிறகு வந்த எண்கள் இவை. கழிக்காமல் விட்டால் துகள் சிறியதாகத் தெரியும்.

சாயச் சோதனையில் 500 டிகிரித் தகடு முன்னே நின்றது. 400இல் படிகம் போதவில்லை. 600க்கு மேல் துகள் பெருத்து மேற்பரப்பு குறைந்தது. எங்கள் செய்முறைக்கு இது பொருந்தும், வேறு சோலுக்கு அந்த உச்சம் வேறிடத்தில் இருக்கும்.

பின்விளைவுகள்

ஆகஸ்ட் முடிவுகளை வைத்து ஒரு கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பியிருந்தோம். அதில் அடித்தளம் என்ற இடத்தில் "நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடு" என்று இருந்தது. யாராவது அதைப் படித்துக் கடையில் பச்சை விளிம்புத் தகடு வாங்கிச் செய்தால் எங்கள் நவம்பர்தான் அவர்களுக்குக் கிடைக்கும். அமைப்பாளருக்கு எழுதித் திருத்தினோம். முதல் ஆண்டின் சில தகடுகள் எந்தப் பெட்டியிலிருந்து வந்தவை என்று உறுதி செய்ய முடியவில்லை, படலத்தைச் சோதிக்க உடைத்துவிட்டிருந்தோம். அந்த எண்களை ஆய்வேட்டிலிருந்து நீக்கினோம். மாணவிக்கு நான்கு மாத உழைப்பு அது.

சாயமேற்றிய சூரிய மின்கலம் செய்யும் நண்பரிடம் இதைச் சொன்னபோது, "நாங்களும் சாதாரணக் கண்ணாடியில்தான் 450 டிகிரியில் சுடுகிறோம், எங்களுக்கு இப்படி வரலையே" என்றார். அவர்கள் வாங்கும் கடத்துக் கண்ணாடியில் ஃபுளூரின் கலந்த டின் ஆக்சைடு அடுக்கு ஏற்கனவே நடுவில் இருக்கிறது. பல வகைகளில் அதற்கும் கீழே ஒரு சிலிக்கா அடுக்கும் உண்டு. தடுப்பு போட்டுத்தான் விற்கிறார்கள். இன்னொரு பக்கம், தாமிர-இண்டியம்-காலியம் செலினைடு மின்கலம் செய்பவர்கள் கண்ணாடியிலிருந்து வரும் இதே சோடியத்தால் திறன் கூடுவதை 1990களின் தொடக்கத்திலேயே கண்டு, அதை விரும்பிச் சேர்க்கிறார்கள்.

மாற்றியவை, இனி மாற்ற வேண்டியவை

ஒவ்வொரு தகட்டுக்கும் எண் போடுகிறோம். எண்ணுக்கு எதிரே கண்ணாடி வகை, பெட்டி, உலையில் வைத்த இடம், ஏற்றிய வேகம், ஆறிய நேரம். புதுப் பெட்டி உடைத்தால் உதவியாளர் ஒரு தகட்டை எடை போட்டு மூடியில் எழுதுகிறார். இது அவரே சொன்ன யோசனை. உலைக்குள் நடுவில் சாக்பீஸால் ஒரு கட்டம் வரைந்திருக்கிறது, தகடுகள் அதற்குள் மட்டும்.

மறுபடி முதலிலிருந்து செய்தால் மங்கலைக் கண்ட அன்றே வேலை செய்த தகடு ஒன்றையும் கெட்ட தகடு ஒன்றையும் சேர்த்து வைத்து, படலத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒப்பிடுவேன். 550க்கு ஏற்றுவதற்கு முன் 450க்கு இறக்கியும் பார்ப்பேன். இறக்கியபோது திறன் கூடியிருந்தால் சூடு வேறு எதையோ செய்கிறது என்று டிசம்பரிலேயே தெரிந்திருக்கும். பூசாத வெறும் தகடு ஒன்று ஒவ்வொரு உலைச் சுற்றிலும் கூடவே போக வேண்டும். இது இன்னும் எங்கள் ஆய்வகத்தில் பாதி நாள் மறந்துபோகிறது.

ஆகஸ்ட் தகடுகளில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதை உடைக்கக் கூடாது என்று மாணவி பஞ்சு சுற்றி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார், மேலே எழுதியிருப்பது "4.60 கிராம்".